பெயர் அறிந்தால் பொறுப்பு பிறக்கும்

கேமரன் மலையின் வடபகுதியில் உள்ள கம்போங் ராஜாவில், மழை விட்ட காலைகளில் ஓடில்லா நத்தைகள் ஊர்ந்து செல்வதைக் காணலாம். அவற்றை அட்டை என்று எண்ணி உப்பைத் தூவுவோரும் உண்டு. மலாய்மொழியிலும் அதன் பெயர் ‘லிந்தா பூலான்’, அதாவது ‘நிலா அட்டை’.

உண்மையில் இரண்டும் வெவ்வேறு உயிர்கள். அட்டை, உடல் முழுவதும் வளையங்களும் இரு முனைகளிலும் உறிஞ்சிகளும் கொண்ட வளைதசைப் புழு. ஓடில்லா நத்தையோ மட்டி, கணவாய் ஆகியவற்றைப் போல மெல்லுடலிகளைச் சேர்ந்தது. அதன் தலையில் இரண்டு இணை உணர்கொம்புகள் உண்டு. மேல் இணையின் நுனியில் கண்கள் இருக்கும். அது இரத்தம் குடிப்பதில்லை.

தோற்றம் அறிவியலாளரையும் ஏமாற்றக்கூடும். நத்தைகளின் பல்வேறு குடும்பங்கள் தனித்தனியே ஓட்டை இழந்துள்ளன. ஆகவே, ஓடில்லாத நத்தைகள் எல்லாம் நெருங்கிய உறவினர் அல்ல. பல நேரங்களில் உள்ளுறுப்புகளையோ மரபணுவையோ ஆராய்ந்த பின்னரே இனத்தை உறுதிசெய்ய முடிகிறது. அதன் பிறகு, கார்ல் லின்னேயஸ் 1758-இல் விலங்குகளுக்கு முறையாகக் கையாண்ட இருசொற் பெயர் சூட்டப்படுகிறது. முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். சபாவின் கினபாலு மலையில் வாழும் நீண்ட வாலுடைய அரை ஓட்டு நத்தை, 2008-இல் ‘இபைகஸ் ரேச்சலே’ என்ற பெயரை இவ்வாறே பெற்றது.

“காய்கறியைத் தின்னும் பூச்சிக்கு இலத்தீன் பெயர் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். முட்டைக்கோசை நம்பி வாழும் விவசாயியின் இழப்பு சிறியதன்று. எனினும், எல்லா நத்தைகளும் பயிரைத் தின்பதில்லை. பல இனங்கள் மட்கிய இலைகளையும் பூஞ்சைகளையும் தின்று மண்ணுக்குச் சத்தைத் திருப்பித் தருகின்றன. இனம் அறியாமல் நஞ்சு வைத்தால் இரண்டும் சேர்ந்தே மடியும்.

பெயருக்கு மற்றொரு வலிமையும் உண்டு. கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலை ஈப்போவை நெருங்குகிறது. ஈப்போவுக்கு வடக்கே கந்தான் சுண்ணாம்புக்கல் மலை உள்ளது. அங்கு மட்டுமே அறியப்பட்ட ஒரு சிறு நத்தைக்கு ஆய்வாளர்கள் 2014-இல் ‘சரோப்பா லஃபார்ஜியை’ எனப் பெயரிட்டனர். அம்மலையில் கல் உடைத்துவந்த லஃபார்ஜ் சிமெண்டு நிறுவனத்தின் பெயரே அது. அந்த உயிரின் எதிர்காலம் அன்று யாருடைய கையில் இருந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. பெயரில்லாத உயிர், அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெறுவது அரிது. அது அழிந்தாலும் கேட்பார் இல்லை.

எனவே, பெயரிடுதல் ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடும் வேலையன்று. தோட்டத்தில் ஒரு நத்தையைக் காணும் மாணவர், உப்பைத் தேடுவதற்கு முன் அதன் வடிவம், நிறம், கண்ட இடம், நாள், தின்னும் உணவு ஆகியவற்றைக் குறித்துவைக்கலாம். அட்டையையும் நத்தையையும் பிரித்தறிவதே அதற்கு முதற்படி.