சிக்மகளூர் வார இறுதிப் பயணம்: காபி மலையும் ஹொய்சாளர் கோவிலும் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும்?

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் பெங்களூரு நீலசந்திரா பக்கம் வந்தால், ஏதாவது ஒரு தெருவில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். குறுகலான தெருவை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு ஒரு டெம்போ டிராவலர் நிற்கும். வண்டி மேல் பைகளை ஏற்றிக் கட்டுவார்கள். ஸ்வெட்டர் போட்ட குழந்தைகள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடும். வண்டி ஓட்டுபவரும் பல சமயம் இதே ஏரியாக்காரர்தான். போகும் இடம் சிக்மகளூர் அல்லது குடகு. ஞாயிறு ராத்திரி அதே வண்டி அதே தெருவுக்குத் திரும்பும்.

காபித் தோட்டம், மலை உச்சி, பேலூர், ஹளேபீடு கோவில்கள். ரெண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம் என்பதுதான் திட்டம். அந்த நிம்மதிக்கு யார் விலை கொடுக்கிறார்கள், அதில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கு என்ன பங்கு என்பதைக் கொஞ்சம் எண்களோடு பார்ப்போம்.

48 மணி நேரத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?

பெங்களூருவிலிருந்து சிக்மகளூர் சுமார் 245 கி.மீ. பேலூர் வழியில்தான் இருக்கிறது, அங்கிருந்து ஹளேபீடு 16 கி.மீ. மலை ஏறி இறங்குவதையும் சேர்த்தால் போக வர 550 முதல் 600 கி.மீ. ஆகும். சராசரியாக மணிக்கு 45 கி.மீ. போனாலும் 12, 13 மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 15 மணி நேரம். இதற்குள்தான் முள்ளய்யனகிரி, பாபாபுதன்கிரி, ஒரு அருவி, ஒரு எஸ்டேட், ரெண்டு கோவில் எல்லாவற்றையும் அடக்கப் பார்க்கிறோம்.

நம்மைப் போலவே எல்லோரும் சனிக்கிழமை காலையில்தான் மலை ஏறுகிறார்கள் என்பதுதான் சிக்கல். முள்ளய்யனகிரி சுமார் 1,925 மீட்டர் உயரம், கர்நாடகாவின் மிக உயரமான சிகரம். மேலே போக இருப்பது ஒரே ஒரு குறுகிய மலைப்பாதை. ஆண்டு முழுக்க வரும் கூட்டத்தை 365 நாளுக்குப் பிரித்தால் மலை தாங்கலாம். அந்தக் கூட்டம் சுமார் 100 சனி, ஞாயிறுகளுக்குள் வந்து விழும்போதுதான் பாதை அடைக்கிறது.

காபித் தோட்டம் எப்போது ஹோம்ஸ்டே ஆனது?

17-ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற சூஃபி, ஹஜ் பயணம் முடித்துத் திரும்பும்போது ஏமனிலிருந்து ஏழு காபி விதைகளைக் கொண்டுவந்து இந்த மலையில் நட்டார் என்பது மரபாகச் சொல்லப்படும் கதை. இன்று இந்தியாவின் காபியில் ஏறத்தாழ 70 சதவீதம் கர்நாடகாவில் விளைகிறது. குடகு, சிக்மகளூர், ஹாசன் ஆகிய மூன்று மாவட்டங்கள்தான் அதன் மையம். தமிழ்நாட்டின் பங்கு இதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

எஸ்டேட் என்றதும் பெரிய பங்களாவும் ஜீப்பும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் இந்தியக் காபி விவசாயிகளில் 98 சதவீதத்துக்கும் மேல் 10 ஹெக்டேருக்குக் கீழ் நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்றுமதியாகிறது. அதாவது, மூடிகெரேயில் பறிக்கும் பழத்தின் விலை லண்டன், நியூயார்க் சந்தைகளில் முடிவாகிறது.

அந்த விலை எப்படி ஆடும் தெரியுமா? 2001-02 வாக்கில் ரோபஸ்டா காபி லண்டன் சந்தையில் டன்னுக்கு 500 டாலருக்கும் கீழே போனது. 2025 தொடக்கத்தில் அதே ரோபஸ்டா 5,500 டாலரைத் தாண்டியது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் விலை விழுந்த வருடங்களில் பிழைக்க, பல குடும்பங்கள் வீட்டில் ரெண்டு அறையை ஒதுக்கி விருந்தினர்களை வைக்க ஆரம்பித்தன. ஹோம்ஸ்டே பிறந்தது இப்படித்தான், அதில் தவறும் இல்லை.

தவறு அடுத்த கட்டத்தில் வந்தது. ஹோம்ஸ்டே என்றால் உரிமையாளர் குடியிருக்கும் வீட்டில் சில அறைகள். அந்தப் பெயரிலேயே சரிவை வெட்டிச் சமப்படுத்தி, நிழல் மரங்களைக் கழித்து, நீச்சல் குளத்தோடு எழும் கட்டடங்கள் வேறு ரகம். இந்தியக் காபி நிழலில் வளர்வது. காபிச் செடிக்கு மேலே பெரிய மரங்கள், மரத்தில் மிளகுக் கொடி என்று இருக்கும். மழையின் வேகத்தைத் தடுத்து மண்ணைப் பிடித்து வைப்பது அந்த மரங்கள்தான். அறை எண்ணிக்கை கூடக்கூட, முதலில் போவதும் அவைதான்.

கோவில் எங்கே வருகிறது?

பேலூர் சென்னகேசவர் கோவிலை ஹொய்சாள மன்னர் விஷ்ணுவர்த்தனன் 1117-இல் எழுப்பினார். அதற்கு முந்தைய வருடம்தான் அவர் தலக்காட்டில் சோழர்களைத் தோற்கடித்தார். அந்த வெற்றியின் நினைவாகவே கோவில் எழுந்தது என்பது ஒரு விளக்கம். நம்மைத் தோற்கடித்ததற்காகக் கட்டிய கோவிலைத்தான் நாம் வரிசையில் நின்று பார்க்கிறோம் என்று சிரித்துக்கொள்ளலாம்.

கதை அதோடு முடியவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சாளர்கள் சோழர்களுக்கே துணையாக வந்து, திருச்சிக்குப் பக்கத்தில் கண்ணனூரில், அதாவது இன்றைய சமயபுரத்தில், இன்னொரு தலைநகரம் அமைத்தார்கள். அங்குள்ள போஜீஸ்வரர் கோவில் அவர்கள் கட்டியது. 1311-இல் மாலிக் கபூர் படை ஹளேபீட்டைத் தாக்கிவிட்டுத்தான் அதே வருடம் மதுரைக்கு வந்தது. கடைசிப் பெருமன்னர் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையைத் தளமாக வைத்திருந்தார். இந்தக் கோவில்கள் தமிழ் வரலாற்றுக்கு அந்நியமில்லை.

பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் மூன்றையும் சேர்த்து 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோவில்களின் கல் மாக்கல் வகையைச் சேர்ந்தது. வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப்பட்டு இறுகும். அதனால்தான் சிலையின் நகைகளில் ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகச் செதுக்க முடிந்தது. அவ்வளவு நுணுக்கமான வேலையை ஆயிரம் கைகள் தடவினால் என்னாகும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

இங்கே கவனிக்க இன்னொன்றும் உண்டு. ஹொய்சாளச் சிற்பிகள் தங்கள் பெயரைக் கல்லிலேயே வெட்டிவிட்டுப் போனார்கள். பேலூரில் தாசோஜன், சாவணன், சோமநாதபுரத்தில் மல்லிதம்மன் என்று இன்றும் படிக்கலாம்.

எத்தனை பேர் போகிறார்கள்?

இங்கேதான் எண்களை ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும். 2023-இல் கர்நாடகாவில் உள்நாட்டுச் சுற்றுலா வருகைகள் சுமார் 28.4 கோடி என்கிறது மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மக்கள்தொகையே 6.11 கோடிதான். நான்கு மடங்குக்கும் மேல்!

காரணம், இது ஆட்களின் எண்ணிக்கை இல்லை, வருகைகளின் எண்ணிக்கை. நீங்கள் ஒருவரே வருடத்தில் ஆறு இடத்துக்குப் போனால் ஆறு வருகை. 2023 ஜூன் 11-இல் தொடங்கிய சக்தி திட்டத்தில் கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணம் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. சோமநாதபுரத்துக்குத் தொல்லியல் துறை டிக்கெட் உண்டு. பேலூரிலும் ஹளேபீட்டிலும் நுழைவு இலவசம். இலவசமாக இருப்பது நல்லது, கோவில் எல்லோருக்கும் பொது. ஆனால் டிக்கெட் இல்லாத இடத்தில் தலைகளை எண்ண வேறு வழி வைக்க வேண்டும். ஒரு நாளில், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்ற எண்தான் கல்லுக்கு முக்கியம். 28 கோடி என்ற மொத்தத்தால் அதற்கு எந்தப் பயனும் இல்லை.

மலை எங்கே உடைகிறது?

2018 ஆகஸ்ட் மழையில் குடகில் பல இடங்களில் மலைச்சரிவுகள் பெயர்ந்து வந்தன. காபித் தோட்டங்கள் அப்படியே கீழே இறங்கின. 2019-இலும் நிலச்சரிவுகள் வந்தன. 2020 ஆகஸ்டில் காவிரி பிறக்கும் தலைக்காவிரியிலேயே மலை சரிந்தது. மழை அளவுக்கு மீறிப் பெய்தது உண்மை. கூடவே, சாலைக்கும் கட்டடத்துக்கும் சரிவுகளை முறையில்லாமல் வெட்டியதையும் இந்தியப் புவியியல் ஆய்வு மையம் காரணமாகச் சுட்டிக்காட்டியது.

2024 ஜூலை 30-இல் வயநாடு நிலச்சரிவு. அடுத்த நாளே, மேற்குத் தொடர்ச்சி மலையில் 56,000 சதுர கி.மீ.க்கு மேல் சூழல் கூருணர்வுப் பகுதியாக அறிவிக்கும் வரைவை மத்திய அரசு மீண்டும் வெளியிட்டது. அதில் கர்நாடகாவின் பங்கு 20,668 சதுர கி.மீ. அந்தப் பரிந்துரைகளின் அடிப்படையான கஸ்தூரிரங்கன் அறிக்கையை அதே செப்டம்பரில் கர்நாடக அமைச்சரவை நிராகரித்தது. வாழ்வாதாரம் போய்விடும் என்று மலைக்கிராம மக்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தின் நிழலில், மலையில் வாழாதவர்களின் கட்டடங்களும் சேர்ந்து தப்பித்துக்கொள்கின்றன.

சரி, இதுல நீலசந்திராவுக்கு என்ன?

பாபாபுதன்கிரி மலையில் யகச்சி என்ற சின்ன ஆறு பிறக்கிறது. சிக்மகளூரைத் தாண்டி, பேலூர் வழியாக ஓடி, ஹேமாவதியில் கலக்கிறது. ஹேமாவதி கிருஷ்ணராஜ சாகர் அணையில் காவிரியோடு சேர்கிறது. அந்தக் காவிரியைத்தான் சுமார் 100 கி.மீ. தூரத்திலிருந்து பம்ப் செய்து பெங்களூருவுக்குக் கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத்தோடு சேர்த்து, திட்டத்தின் திறன் நாளொன்றுக்கு 222 கோடி லிட்டர். பெங்களூருவுக்குப் போக மிச்சம் மேட்டூருக்கு, பிறகு டெல்டாவுக்கு.

அதாவது, நாம் லீவுக்குப் போய் போட்டோ எடுக்கும் மலைதான் நம் தண்ணீர்த் தொட்டி. 2024 கோடையில் குடத்தோடு டேங்கர் லாரிக்குக் காத்து நின்ற நகரத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழையைப் பிடித்து வைத்து மெதுவாக விடும் சோலைக்காடும் நிழல் மரமும் குறைந்தால், மழைக்காலத்தில் சேறும் கோடையில் வறண்ட ஆறும்தான் கிடைக்கும்.

வண்டியைக் குறைத்தால் போதுமா?

தமிழ்நாட்டில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் எண்ணிக்கை வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000 மற்றும் 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் பொதுப் பேருந்துக்கும் விலக்கு. முள்ளய்யனகிரிக்கும் சிக்மகளூர் மாவட்ட நிர்வாகம் 2025-இல் ஆன்லைன் முன்பதிவும் வேளைவாரியான வரம்பும் கொண்டுவந்தது.

இதனால் நெரிசல் குறையும். எத்தனை வண்டி வருகிறது என்ற உண்மையான கணக்கும் முதல்முறையாகக் கிடைக்கும். ஆனால் இ-பாஸ் வண்டியை மட்டும்தான் எண்ணும், அறையை எண்ணாது. ஊருக்கே எத்தனை படுக்கை, எந்தச் சரிவில், எவ்வளவு தண்ணீர், குப்பை எங்கே போகிறது என்ற கணக்கு இல்லாமல் வண்டிக்கு மட்டும் வரம்பு வைத்தால், பாதிக் கணக்குதான் போட்டதாகும். இன்னொரு சிக்கலும் உண்டு. வரம்பு வரும்போது முதலில் இடம் பிடிப்பது போனில் சட்டென்று பதிவு செய்யத் தெரிந்தவர்கள். வாடகை வண்டியைப் பங்கு போட்டு வருடத்துக்கு ஒருமுறை போகும் நீலசந்திரா குடும்பம் பின்னால் போய்விடும். அதனால் வரம்போடு, அடிவாரத்திலிருந்து ஒழுங்கான பேருந்தும் வர வேண்டும்.

அப்போ போகவே கூடாதா?

கட்டாயம் போங்கள். திட்டத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

முடிந்தால் வார நாட்களில் போங்கள். சனிக்கிழமைதான் லீவு என்றால், மலையை விட்டுவிட்டுக் கோவில்களை மையமாக வையுங்கள். 2017-இல் திறந்த நேரடிப் பாதையில் பெங்களூருவிலிருந்து ஹாசனுக்கு ரயிலில் போகலாம். அங்கிருந்து ஹளேபீடு சுமார் 30 கி.மீ., பேலூர் 40 கி.மீ., பேருந்து உண்டு. ஒரு கோவிலுக்கு அரை நாள் கொடுங்கள். சிலையைத் தொட வேண்டாம்.

காபி பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் காலத்தைப் பார்த்துப் போங்கள். மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்து சில நாட்களில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அறுவடை. அப்போது பழம் பறிப்பவர்களைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மேஸ்திரிகள் அழைத்துவந்த குடும்பங்கள் செய்த வேலை அது. இன்று அஸ்ஸாம் வரைக்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் உண்டு.

தங்குமிடம் பதிவு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பதிவு எண் இருக்கிறதா? உரிமையாளர் அங்கேயே குடியிருக்கிறாரா? கழிவுநீர் எங்கே போகிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால், அது யகச்சிக்கோ ஹேமாவதிக்கோ போகிறது என்று சந்தேகப்படலாம். அங்கிருந்து அது எங்கே வரும் என்பது மேலே பார்த்ததுதான்.