சட்டைக்குக் காவல் உண்டு, மாத்திரைக்கு?

போன தீபாவளிக்கு முந்திய வாரம் ஈப்போவில் ஒரு பேரங்காடியில் தம்பிக்குச் சட்டை வாங்கினோம். பணம் கட்டிவிட்டு வெளியே கால் வைத்ததும் வாசலில் இருந்த கம்பம் அலறியது. பாதுகாவலர் ஓடி வந்தார். ரசீது என் கையில் இருந்தது. ஆனால் அவர் பிடித்தது பதினாறு வயதுத் தம்பியின் முதுகுப்பையை. எல்லாரும் பார்க்க அதைத் தரையில் கொட்டினார். காசாளர் சட்டையில் இருந்த வில்லையைக் கழற்ற மறந்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. "சோரி லா" என்றார்கள், முடிந்தது. அந்தச் சட்டையைத் தம்பி இன்றுவரை போடவில்லை.

அதற்காகக் கடைகளில் இந்தக் கருவியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எஸ்பிஎம் முடித்த கையோடு ஒரு துணிக்கடையில் பகுதி நேரமாக வேலை செய்திருக்கிறேன். உடுத்திப் பார்க்கும் அறையில் வெறும் ஹேங்கர்கள் மட்டும் தொங்குவதைப் பல முறை பார்த்ததுண்டு. கணக்கெடுக்கும் நாளில் மேற்பார்வையாளர் எங்களைத்தான் முதலில் பார்ப்பார்.

நம் கடைகளில் இரண்டு வகை வில்லைகள் உண்டு. பழைய வகைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: நான் இன்னும் கழற்றப்படவில்லை. கம்பத்தின் அருகே போனால் கத்தும். புதிய வகை ஆர்எஃப்ஐடி. மணலளவு சில்லு, அதோடு மெல்லிய உலோக ஆன்டெனா, அவ்வளவுதான். பேட்டரி கிடையாது. படிப்பான் அனுப்பும் வானலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். 2022 ஜனவரி 15 முதல் ஜூரு - ஸ்கூடாய் நெடுஞ்சாலைச் சாவடிகளில் நம் கார்களை அடையாளம் காண்பதும் இதே நுட்பம்தான். யூனிக்லோ கடையில் துணிகளைப் பெட்டிக்குள் வைத்த மறுநொடி திரையில் மொத்தத் தொகை வருகிறதே, அதுவும் இதுதான்.

இதில் முக்கியம் அந்த எண். நூறு நீலச் சட்டைக்கும் பார்கோடு ஒன்றே. ஆர்எஃப்ஐடி வில்லையில் ஒவ்வொரு சட்டைக்கும் தனி எண். விற்ற எண்களைக் கடையின் கணினி குறித்துக்கொள்ளும். வாசல் படிப்பானை அந்தக் கணக்கோடு இணைத்துவிட்டால், விற்ற சட்டைக்கு அது கத்த வேண்டியதில்லை. அதற்கு மேலும் கத்தினால் முதலில் ரசீதைக் கேட்க வேண்டும், பையைத் தொடக் கூடாது. இதை ஒரு விதியாகவே வைக்கலாம். கம்பத்துக்கு யார் முகமும் தெரியாது. முகத்தைப் பார்த்துப் பையைத் தேர்ந்தெடுத்தவர் மனிதர்.

இத்தனை அருமையான தனி எண், வாங்குகிற நமக்கு என்ன செய்தது? இங்கேதான் எனக்கு என் பாட்டி நினைவுக்கு வருகிறார்.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது செம்பனை. அங்கே அவருக்குத் தெரிந்த கடை ஒன்றே ஒன்று. வாங்கியதெல்லாம் 555 புத்தகத்தில் ஏறும், சம்பளத்தன்று கழியும். அரிசியில் கல் இருந்தால் மறுநாள் கடைக்காரரிடமே போய்ச் சண்டை போடலாம். இப்போது தாமானில் இருக்கிறார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவரிடம் முட்டி வலிக்கு மாத்திரை வாங்கினார். டப்பாவில் பளபளவென்று ஒட்டுவில்லை, மால் என்று தொடங்கும் பதிவு எண், எல்லாம் இருந்தன. இரண்டே நாளில் வலி போனது. நான்கு மாதத்தில் முகம் உப்பியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார் கிளினிக் டாக்டர். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த பாரம்பரிய மருந்துகளைப் பற்றிச் சுகாதார அமைச்சு எத்தனையோ முறை எச்சரித்திருக்கிறது. தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டினேன். வேறொரு மருந்தின் பெயர் வந்தது. நான் தட்டிப் பார்த்ததே பாட்டியின் முகம் வீங்கிய பிறகுதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பதிவு பெற்ற மருந்துகளில் ஹோலோகிராம் வில்லை ஒட்டுவது நம் நாட்டில் 2005 முதல் கட்டாயம். இப்போதைய ஃபார்மாடேக் வில்லையில் க்யூஆர் குறியீடும் உண்டு, செயலியில் சோதிக்கலாம். நல்ல முயற்சிதான். ஆனால் பளபளப்பில் எது அசல் எது போலி என்று எழுபது வயதுக் கண்ணுக்கு எப்படித் தெரியும்? க்யூஆர் குறியீட்டையோ படம் பிடித்து ஆயிரம் பிரதி அச்சடித்துவிடலாம். கைப்பேசியே படிக்கக்கூடிய என்எஃப்சி சில்லுகள் இருக்கின்றன. அவற்றுள் பாதுகாப்பு மிகுந்தவை ஒவ்வொரு முறையும் வேறு விடை தரும். படம் பிடித்தால் பயனில்லை. ஃபைசர் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற வயாகரா புட்டிகளில் ஆர்எஃப்ஐடி வில்லை ஒட்டத் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகின்றன. அங்கேகூட அதைப் படித்தவர்கள் மருந்தகத்தினரும் மொத்த வியாபாரிகளும்தான்.

செலவு கூடும் என்பார்கள். கூடத்தான் செய்யும். எல்லா மாத்திரைக்கும் ஒரே நாளில் வேண்டாம், அதிகம் போலியாகும் மருந்துகளில் தொடங்கலாம். சில்லு காப்பது டப்பாவைத்தான், உள்ளே இருப்பதை மாற்றிவிடலாமே என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். உண்மைதான், மூடியைத் திறந்தால் அறுபடும்படி ஒட்ட வேண்டும். மோட்டார் சைக்கிள்காரரின் டப்பாவில் சில்லே இருக்காது. கைப்பேசி பேசாவிட்டால் வாங்காதே என்று பாட்டிகளுக்குப் பழக்கிவிட்டால் அதுவே போதும். ஐம்பது ரிங்கிட் சட்டை கடையைவிட்டுப் போகாமலிருக்க இவ்வளவு செய்கிறவர்களுக்கு இது முடியாத வேலையா?

போன ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் கைப்பேசியில் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மாத்திரை டப்பாவின் முன் அதைச் சற்று நேரம் பிடித்திருந்தார். பிறகு, "கடையில தம்பிக்குக் கத்துச்சே, அந்த மாதிரி இது எனக்குக் கத்தாதாடா?" என்றார்.

இப்போதைக்குக் கத்தாது என்றேன்.