மேலே பணம் வற்றினால் கீழே யார் தாங்குவது?

எமது விவசாயக் குடும்பங்களில் கணிசமானவை இன்று கட்டட வேலையை நம்பிச் சீவிக்கின்றன. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களுள் காணி திரும்பக் கிடைக்காதவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். காணி கிடைத்த வன்னிக் குடும்பங்களிலும், கிணறு தூர்ந்து, வரம்பு அழிந்து, உழவுக்குக் கையில் முதல் இல்லாமல் நிற்பவர்கள் பலர். மண்வெட்டி பிடித்த கை சாந்து குழைக்கிறது. அது இழிவான தொழில் அன்று. ஆனால் தோட்டத்தில் இறங்கும்போது எதற்குப் பயப்பட வேண்டும், மழைக்கா, பூச்சிக்கா, சந்தை விலைக்கா என்பதைத் தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். கொந்தராத்து வேலைக்குள் இறங்கும்போது எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை எம்மவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைப் பற்றியே இம்முறை பேச விரும்புகிறோம்.

ஒரு பாடசாலைக் கட்டடமோ வீதியோ எழும்பும்போது, அதன் பெயர்ப்பலகையில் ஒரு பெரிய கம்பனியின் பெயர் இருக்கும். அந்தக் கம்பனி தானே ஒரு கல்லையும் வைப்பதில்லை. அது வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து உப கொந்தராத்துக்குக் கொடுக்கும். அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். அவர் ஒரு மேசனைப் பிடிப்பார். மேசன் தனது ஊரிலிருந்து நான்கு பேரைக் கூட்டிச் செல்வார். மேலிருந்து பணம் இறங்குவதற்கு நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் ஒரு சிறு பங்கு தங்கும். பணம் ஒழுங்காக இறங்கும் வரைக்கும் இந்த ஏற்பாட்டில் எவருக்கும் குறை தெரியாது. மேலே வற்றத் தொடங்கும் நாளில்தான், யாருடைய தலையில் என்ன வந்து விழும் என்பது தெரியவரும்.

இதை விளங்கிக்கொள்ள, தூரத்து நாடொன்றில் நடந்ததைப் பார்ப்பது நல்லது. ஏனெனில் அங்கே அது மறைக்க முடியாத அளவுக்குப் பெரிதாக நடந்தது. பாராளுமன்றமே விசாரித்து எழுதியும் வைத்தது. பிரித்தானியாவில் கரிலியன் என்றொரு கம்பனி இருந்தது. 1999இல் உருவானது. வைத்தியசாலை கட்டுவது, வீதி போடுவது, பாடசாலைகளுக்கு மதிய உணவு சமைப்பது, சிறைச்சாலைகளைப் பராமரிப்பது என்று அரசாங்கத்தின் பெரும் வேலைகளை எல்லாம் அது பொறுப்பெடுத்தது. உலகம் முழுவதிலுமாக ஏறத்தாழ 43,000 பேர் அதில் வேலை செய்தார்கள். 2018 ஜனவரி 15ஆந் திகதி அது நீதிமன்றக் கட்டளையின் பேரில் கலைக்கப்பட்டது. அன்று அதன் கையில் இருந்த காசு 29 மில்லியன் பவுண். அது கொடுக்க வேண்டியிருந்ததோ ஏறத்தாழ 7,000 மில்லியன் பவுண். அதற்குள் சுமார் 30,000 சிறிய பெரிய வழங்குநர்கள், உப கொந்தராத்துக்காரர்கள் முதலியோருக்குச் சேர வேண்டியது மட்டும் ஏறத்தாழ 2,000 மில்லியன்.

இவ்வளவு பெரிய கடன் ஒரே இரவில் வந்ததல்ல. கொந்தராத்துக்காரர்களுக்கு உரிய காலத்தில் பணம் கொடுப்போம் என்று வாக்குறுதி அளித்த கம்பனிகளின் பட்டியலில் கரிலியனும் கையொப்பம் இட்டிருந்தது. ஆயினும் பட்டியல் கொடுத்து 120 நாட்களுக்குப் பிறகே பணம் என்பது அதன் வழமையான நிபந்தனையாக இருந்தது. நான்கு மாதம்! அதுவரை பொறுக்க முடியாதவர், ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை ஒரு வங்கியிடமிருந்து முன்கூட்டியே பெறலாம் என்றும் ஏற்பாடு செய்திருந்தார்கள். தனது உழைப்பின் கூலியைத் தானே வட்டி கொடுத்து வாங்குவது என்றால் இதுதான். நாலு மாதத்து வேலையைக் கடனாக வாங்கிக்கொண்டே அந்தக் கம்பனி பெரியதாகத் தோன்றியது. 2017 ஜூன் மாதத்தில் பங்குதாரருக்கு 50 மில்லியன் பவுணுக்கு மேல் பங்கிலாபம் கொடுத்தது. அடுத்த மாதமே, தனது கொந்தராத்துகளில் 845 மில்லியன் பவுண் குறைவு ஏற்படும் என்று அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில் அதன் கணக்குகளைச் சரி என்று கையொப்பமிட்ட கணக்காய்வு நிறுவனமான கே.பி.எம்.ஜி.க்கு, 2023இல் 21 மில்லியன் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டம் நியாயமானதே. ஆனால் அந்தத் தண்டப் பணத்தில் ஒரு சதமேனும் சுவர் பூசியவனுக்குப் போனதாக நாம் அறியோம்.

கலைப்புக்குப் பிறகு நடந்ததுதான் எமது மக்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. கம்பனியின் நேரடி ஊழியர்களில் பெரும்பாலானோரின் வேலை வேறு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டது. கலைப்புத் திகதிக்குப் பிறகும் வேலையைத் தொடரும்படி கேட்கப்பட்டவர்களுக்கு, அந்த வேலைக்குரிய பணத்தை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதற்கு முந்திய மாதங்களில் செய்து முடித்த வேலைக்கோ, உப கொந்தராத்துக்காரர்கள் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதாயிற்று. லிவர்பூலில் பாதியில் நின்ற வைத்தியசாலை 2022இலும், பேர்மிங்காம் பக்கத்தில் நின்ற மற்றையது 2024இலும் திறக்கப்பட்டன. கட்டடங்கள் எப்படியோ முடிந்தன. வரிசையின் கடைசியில் நின்ற சிறு கொந்தராத்துக்காரரின் பாக்கியை முடித்து வைக்க எவரும் முன்வரவில்லை.

எங்கள் நாட்டிலும் 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது, அந்தக் கடனில் நடந்த பெரிய வேலைகள் நின்றன. கொந்தராத்துக்காரரின் பட்டியல்கள் தேங்கின. அங்கே தலைமைக் கம்பனி வற்றியது. இங்கே அதற்கும் மேலே இருந்த ஊற்றே வற்றியது. கீழ்ப்படியில் நின்றவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மேசனும் மூன்று உதவியாளருமாக நால்வர். ஆளுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபா என்று வைப்போம். கிழமைக்கு ஆறு நாள், நாலு கிழமை. மொத்தம் 288,000 ரூபா. "மேலே இருந்து காசு வரட்டும், ஒரு மாதம் பொறுங்கோ" என்று சொல்லும்போது, அந்த நால்வரும் தங்கள் உழைப்பை 288,000 ரூபாவாகக் கடன் கொடுக்கிறார்கள். இதே தொகையை ஒரு வங்கியிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு பிணையாளிகள், சம்பளப் பத்திரம், காணி உறுதி என்று எத்தனை கேட்கும்! எமது மக்களோ பிணையும் இல்லாமல், எழுத்தும் இல்லாமல், வட்டியும் இல்லாமல், யாரென்று முகமும் தெரியாத ஒரு கம்பனிக்குக் கடன் கொடுக்கிறார்கள். கொடுப்பவர், காதில் கிடந்ததை அடகு வைத்து அரிசி வாங்குபவர். வாங்குபவர், குளிரூட்டிய வாகனத்தில் வந்து இறங்குபவர். வட்டிக்குக் கொடுப்பவன் கடனாளியின் வீட்டு நிலைமையை விசாரித்த பின்னர்தான் கொடுப்பான். உழைப்பைக் கடன் கொடுக்கும் மனிதருக்கும் அந்த உரிமை உண்டு. அதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணும் பழக்கம் எமது ஆட்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது.

கம்பனி தடுமாறுகிறது என்பதை வாசலில் இருந்தே அறியலாம். சனிக்கிழமை கொடுத்த சம்பளம் செவ்வாய்க்குப் போகும், பிறகு பாதிப் பணமாகும். பின்திகதியிட்ட காசோலை வரும். லொறி நிறைய வந்த சீமெந்து பத்துப் பத்துப் பைகளாக வரத் தொடங்கும். ஊரில் உள்ள ஹாட்வெயார் கடை அவர்களுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தும். கடைக்காரர் உங்களைவிட முந்தி அறிவார், அவரிடம் கேளுங்கள். மேற்பார்வையாளர் அடிக்கடி மாறுவார். இதைக் கண்ட பின்னும் "இவ்வளவு நாள் செய்தாயிற்று, இடையில் விட்டால் பழைய காசும் போய்விடும்" என்று வேலையைத் தொடர்பவர்கள் பலர். பழைய பாக்கிக்காகப் புதிய கடன் கொடுப்பதுதான் அது. ஒரு கிழமைப் பாக்கியோடு நிறுத்தினால் ஒரு கிழமைதான் நட்டம். நால்வரும் சேர்ந்து, ஒரே நாளில், சண்டையின்றி நிறுத்துவது நல்லது. தனியாக நிறுத்துபவரின் இடத்துக்கு அடுத்த ஊரிலிருந்து ஆள் வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? கம்பனி கலைக்கப்படும்போது அதன் ஊழியரின் சம்பளப் பாக்கிக்கும் சேமலாப நிதிக்கும் சட்டம் முன்னுரிமை கொடுக்கிறது. ஆனால் எமது மேசன் அந்தக் கம்பனியின் ஊழியர் அல்லர், நாலாம் படியில் நிற்பவர். அவர் கேட்கக்கூடியது தன்னைப் பிடித்த ஆளிடம் மட்டுமே. அந்த ஆளோ பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்தவர், சில வேளை சொந்த மச்சான். கொழும்பில் வற்றிய பணத்துக்காக இரண்டு சகோதரர் கோயில் வாசலில் முகம் பாராமல் போவதை நாம் கண்டிருக்கிறோம்.

இன்னுமொன்று. 1871ஆம் ஆண்டிலிருந்து எமது நாட்டில் உள்ள, வழக்குகளுக்குக் காலவரையறை விதிக்கும் கட்டளைச் சட்டத்தின்படி, செய்த வேலைக்கும், தொழிலாளியின் கூலிக்கும், கொடுத்த பொருளுக்கும் ஓராண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். எழுத்திலான ஒப்பந்தம் இருந்தால் ஆறாண்டு. "வருஷப் பிறப்புக்குத் தாறன், தைப்பொங்கலுக்குத் தாறன்" என்ற பேச்சு ஏன் இவ்வளவு இனிமையாக வருகிறது என்பது இப்போது விளங்குமே! ஒரு கொப்பித் தாளில் வேலையின் விபரம், பேசிய தொகை, பெற்ற தொகை, திகதி, இருவரின் கையொப்பம் இவ்வளவும் இருந்தால் போதும், உங்கள் நிலைமை வேறு. நாளாந்தக் கூலிக்குப் போகிறவர்கள் தொழில் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். வேலைக்குப் போன நாட்களைக் குறித்த ஒரு சிறு கொப்பி அங்கே பெரிய சாட்சியாகும்.

இத்தனையும் சொன்ன பிறகு, புத்திமதி முழுவதையும் கீழ்ப்படியில் நிற்பவருக்கே சொல்லி முடிப்பது எமக்கு உடன்பாடன்று. 2010இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில், முதலில் 1,000 வீடுகளைக் கொந்தராத்துக்காரர் கட்டினார்கள். பின்னர் பெரும்பான்மையான வீடுகளுக்குக் குடும்பமே பொறுப்பு. வீட்டுக்கு 550,000 ரூபா, வேலை முன்னேற முன்னேறத் தவணையாகக் கிடைத்தது. இடையில் நின்று பறிப்பவர் இல்லாத நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் குடும்பமே தலைமைக் கம்பனி ஆயிற்று. சீமெந்து விலை ஏறியபோதும் தவணை பிந்தியபோதும் மேசனுக்குக் கொடுக்கத் தாலிக்கொடியை அடகு வைத்த தாய்மாரை எமது பங்குகளில் எல்லோரும் அறிவர். கஷ்டப்பட்ட குடும்பம் நகையை வைத்தாவது மேசனுக்குக் கொடுத்தது. பெரிய கம்பனி பங்கிலாபம் கொடுத்துவிட்டு மேசனை விட்டது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே எமது கேள்வி பணம் கொடுப்பவர்களை நோக்கியது. அரசாங்கத் திணைக்களங்களும், வெளிநாட்டு உதவி நிறுவனங்களும், எமது மறைமாவட்ட அபிவிருத்தி நிலையங்களும் அதற்குள் அடங்கும். கட்டடம் ஒன்றைக் கொந்தராத்துக்குக் கொடுக்கும்போது அடித்தளத்தின் ஆழத்தை அளக்கிறோம், கம்பியின் பருமனைப் பார்க்கிறோம், சாந்தில் மணல் கூடிவிட்டதா என்று தேய்த்துப் பார்க்கிறோம். சுவர் கட்டியவனுக்குச் சம்பளம் கிடைத்ததா என்று யார் பார்க்கிறார்கள்? திறப்பு விழாவில் நினைவுக்கல் திரைநீக்கம் செய்கிறோம். அதில் நன்கொடையாளரின் பெயர் இருக்கும், ஆயரின் பெயர் இருக்கும், திறந்து வைத்த பிரமுகரின் பெயர் அவருடைய பட்டங்களோடு இருக்கும்.

கூலியைப் பிடித்து வைப்பதைத் திருச்சபை சிறு குறையாகக் கருதவில்லை. 13ஆம் லியோ பாப்பரசர் 1891இல் வெளியிட்ட சுற்றுமடல் அதை வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் குற்றமாகவே காண்கிறது. யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தைப் பிரசங்க மேடையில் வாசிக்கும் நாம், அதே வாரத்தில் ஒரு பட்டியலை மேசை லாச்சிக்குள் மூன்று மாதம் வைத்திருக்க முடியாது.

செய்யக்கூடியது இருக்கிறது. பிரித்தானியாவில் சில அரச வீதி வேலைகளில், பணம் தலைமைக் கம்பனியின் சொந்தக் கணக்கினுள் போகாமல், அந்த வேலைக்கென்றே திறந்த தனி வங்கிக் கணக்கிலிருந்து உப கொந்தராத்துக்காரருக்கு நேரே போகும். கம்பனி விழுந்தாலும் அந்தப் பணம் அதன் கடனுக்குள் அள்ளுண்டு போகாது. நமது சிறு வேலைகளுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. கொந்தராத்துப் பத்திரத்தில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தாலே போதும். ஒன்று, பட்டியல் கிடைத்து 14 நாட்களுக்குள் பணம் கொடுக்க நாமே கட்டுப்பட வேண்டும். மற்றது, ஒவ்வொரு தவணைக்கும் முன்னர், அங்கு வேலை செய்தவர்களின் பெயரும் பெற்ற தொகையும் கையொப்பமும் உள்ள பட்டியலைக் கொந்தராத்துக்காரர் தர வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ அதை ஊரில் வாசித்துச் சரிபார்க்க வேண்டும். பாக்கி இருந்தால் அடுத்த தவணையிலிருந்து அந்தத் தொகையை நேரே மேசனின் கையில் கொடுக்கும் அதிகாரமும் பத்திரத்தில் எழுதப்பட வேண்டும்.

இதனால் வேலை பிந்தும், கொந்தராத்துக்காரர் வரமாட்டார்கள் என்று சொல்லும் நண்பர்கள் உள்ளனர். பெயர்ப்பட்டியலைக் காட்ட விரும்பாத கொந்தராத்துக்காரர் வராமல் இருப்பதில் எமக்கு வருத்தம் இல்லை. அடுத்த காலாண்டில் உங்கள் கிராமத்தில் ஒரு கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்ட வருவார்கள். கொந்தராத்துப் பத்திரத்தில் இந்த இரண்டு நிபந்தனைகளும் உண்டா என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கேட்கப்படுபவர் பங்குத் தந்தையாக இருந்தாலும் கேளுங்கள்.