ஐந்து சுற்றுக் கம்பி

"எனக்கு இந்தப் படிப்பே வராது, அம்மா! வேறு பாடத்துக்கு மாற்றிக்கொண்டு விடுகிறேன்" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள் என் பெண். கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம். சின்னதாக ஓர் எஃப்.எம். ரேடியோ செய்ய மூன்று நாளாகப் போராட்டம். படத்தில் உள்ளபடியேதான் எல்லாம் வைத்திருக்கிறாளாம். ஒரு ஸ்டேஷனும் வாயைத் திறக்கவில்லை.

"எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு, கேட்கிறேன்" என்றேன்.

பென்சிலின்மேல் ஐந்து சுற்றுச் சுற்றி எடுத்த தாமிரக் கம்பியைக் காட்டினாள். அதோடு ஒரு கண்டென்ஸர். இரண்டும் சேர்ந்தால் ஊஞ்சல் மாதிரியாம். ஊஞ்சலுக்கென்று ஒரு தாளம் உண்டல்லவா? அந்தத் தாளத்தில் உந்தினால்தானே வீசி ஆடும்! காற்றில் எத்தனையோ ஸ்டேஷன்கள் வந்தாலும், தன் தாளத்துக்கு ஒத்ததற்குத்தான் இந்த ஜோடி ஆடும். சுருள் 0.1 மைக்ரோஹென்றி, கண்டென்ஸர் 25 பிகோஃபாரட். கணக்குப் போட்டால் சுமார் 100 மெகாஹெர்ட்ஸ்.

"கணக்குச் சரிதானே, பின்னே என்ன?" என்று குனிந்து கையை நீட்டினேன். கரகரவென்று ரேடியோ பேச ஆரம்பித்தது! கையை எடுத்தேன், கப்சிப்!

"அம்மா, உன் கையும் ஒரு கண்டென்ஸர்!" என்று கூவினாள் பெண்.

அவள் சாமான்களைச் செருகியிருந்தது பிரெட்போர்டில். ரொட்டி வெட்டும் பலகையில் ரேடியோ செய்த காலத்துப் பெயராம் அது! அதன் அடுத்தடுத்த வரிசைகளுக்கு நடுவே சில பிகோஃபாரட் ஒளிந்திருக்கும். ஐந்து கூடினால் போதும், 100 என்பது 92க்கு இறங்கிவிடும். நீளமாக விட்ட கம்பியோ, அங்குலத்துக்குச் சுமார் 0.02 மைக்ரோஹென்றி. ஐந்து அங்குலம் விட்டால் இன்னொரு சுருளையே வைத்த மாதிரி! படத்தில் அது வெறும் கோடு.

அன்றிரவே கம்பிகளை ஒட்டக் கத்தரித்து, செப்புத் தகடு ஒட்டிய பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். சுருளைச் சற்றே விரித்தால் அலைவரிசை ஏறுகிறது, நெருக்கினால் இறங்குகிறது. விரித்து, நெருக்கி, பத்தரை மணிக்குப் பாட்டு வந்தது. படிப்பை மாற்றும் பேச்சும் அதோடு போயிற்று.

மறுநாள் சாம்பாரில் ஒரே உப்பு. "அளந்துதானே போட்டேன்!" என்று நான் விழித்தேன்.

"நீ குளிக்கப் போனபோது நானும் ஒரு கரண்டி போட்டேன், அம்மா" என்றாள் பெண், மெதுவாக.

படத்தில் இல்லாத கண்டென்ஸர்!