பினோக்கியோவை முதலில் இழுத்தது யார்?

மரப்பொம்மை பினோக்கியோவின் கதையைக் கார்ட்டூன் தொடராகப் பார்த்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு புகார் தவறாமல் வந்து விழும். ஒரு சின்னக் கதையை வாராவாரம் ஜவ்வாக இழுத்தார்கள், குழந்தைகளைப் பயமுறுத்தி அழவைத்தார்கள், மூலத்தில் இல்லாததையெல்லாம் நுழைத்தார்கள் என்பார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவை இரண்டு ஜப்பானியத் தொடர்கள். ஒன்று, தட்சுனோகோ நிறுவனம் 1972இல் தொடங்கிய ‘காஷி நோ கி மொக்கு’. இன்னொன்று, நிப்பான் அனிமேஷன் 1976இல் தொடங்கிய ‘பிக்கோலினோ நோ போக்கென்’. இரண்டும் 52 பகுதிகள்.

முதலில் இழுவைக்கு வருவோம். கார்லோ கொல்லோடி இந்தக் கதையை முதலில் புத்தகமாக எழுதவே இல்லை. ரோம் நகரிலிருந்து வந்த ‘ஜொர்னாலே பெர் ஈ பம்பீனி’ என்ற சிறுவர் வார இதழின் முதல் இதழிலேயே, 1881 ஜூலையில், தொடர்கதையாகத்தான் ஆரம்பித்தார். அக்டோபரில் முடித்தும் விட்டார். எப்படி? பொற்காசுக்காக நரியும் பூனையும் மாறுவேடத்தில் துரத்திப் பிடித்து, பினோக்கியோவை ஒரு பெரிய ஓக் மரத்தில் தூக்கில் தொங்கவிடுகின்றன. உயிர் போகிறது. முற்றும். அது 15ஆம் அத்தியாயம். சிறுவர்கள் விடவில்லை, இதழாசிரியர்களும் விடவில்லை. 1882 பிப்ரவரியில் கொல்லோடி பொம்மையை மரத்திலிருந்து இறக்கி, கதையை மறுபடி ஓட்டி, 1883 ஜனவரியில் 36ஆம் அத்தியாயத்தோடு நிறுத்தினார்.

அந்த இழுவையில் வந்தவை எவை என்று பாருங்கள். பொய் சொன்னதும் மூக்கு நீளும் காட்சி 17ஆம் அத்தியாயம். விளையாட்டு நாட்டுக்குப் போய்க் கழுதையாவது, ராட்சத மீனின் வயிற்றில் அப்பாவைக் கண்டுபிடிப்பது, கடைசியில் நிஜப் பையனாவது எல்லாம் அதற்குப் பிறகு. நீலமுடித் தேவதைகூட முதல் பாதியில் ஜன்னலோரம் நிற்கும் இறந்த சிறுமி மட்டும்தான். இழுக்காமல் விட்டிருந்தால் பினோக்கியோ என்றதும் நம் நினைவுக்கு வருவதில் முக்கால்வாசி இருக்காது. வாசகர் கேட்டதால் வளர்ந்த தொடர்கதையை, தொலைக்காட்சி தொடராக்கியது என்று கோபப்படுவதில் என்ன நியாயம்?

அடுத்து, பயமும் அழுகையும். முதல் தொடரின் பினோக்கியோவான மொக்கு படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். புத்தி சொல்ல வந்த சில்வண்டை நான்காம் அத்தியாயத்திலேயே பினோக்கியோ சுத்தியலை வீசிக் கொன்றுவிடுகிறான். கணப்பில் கால் நீட்டித் தூங்கி, பாதங்கள் கரிந்து போகின்றன. நொண்டிக் கழுதையான அவனை, தோலை உரித்து மத்தளம் கட்டலாம் என்று ஒருவன் விலைக்கு வாங்கிக் கடலில் தள்ளுகிறான். கூடவே கழுதையான நண்பன், கடைசி அத்தியாயத்தில் உழைத்து உழைத்துச் செத்தே போகிறான். இதில் எதையும் ஜப்பான்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை.

மூலத்தில் இல்லாததைச் சேர்த்தார்கள் என்பவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருக்கும் ‘மூலம்’ டிஸ்னியின் 1940ஆம் ஆண்டுப் படம். அதில் சில்வண்டு குடை பிடித்துக்கொண்டு கடைசிவரை கூட வருகிறது. பொம்மையின் அப்பா ஜெப்பெத்தோவின் வீடு முழுக்கக் கடிகாரமும் பொம்மையுமாக மின்னுகிறது. புத்தகத்து ஜெப்பெத்தோ பரம ஏழை. அவர் வீட்டுச் சுவரில் அடுப்பு, நெருப்பு, கொதிக்கிற பானை, ஆவி எல்லாமே வரைந்த ஓவியம். பசியோடு பானை மூடியைத் திறக்கப் போகும் பினோக்கியோவின் கைக்குச் சுவர்தான் தட்டுப்படுகிறது. அவனுக்குப் பள்ளிப் புத்தகம் வாங்க, குளிரில் தன் ஒரே கோட்டை அவர் விற்கிறார். 88 நிமிடப் படம் இந்த வறுமையையே கழற்றி வைத்துவிட்டது. அதை மன்னித்தவர்களுக்கு, இரண்டாவது தொடரின் பினோக்கியோவான பிக்கோலினோவோடு ஜீனா என்ற வாத்துக் குஞ்சைச் சேர்த்துவிட்டதுதான் பெரிய பாவமாகப் படுகிறது!

இத்தாலியக் கதை ஜப்பான்காரர்களுக்கு எதற்கு என்றும் சிலர் கேட்பதுண்டு. கொல்லோடியே குழந்தை இலக்கியத்துக்குள் நுழைந்தது, பிரெஞ்சுக்காரர் பெரோவின் தேவதைக் கதைகளை இத்தாலிய மொழியில் மொழிபெயர்த்துத்தான். இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை.

மொக்கு மீது எனக்கும் ஒரு குறை உண்டு. அதைத்தான் யாரும் சொல்வதில்லை. கொல்லோடி கொடூரத்தைச் சிரித்துக்கொண்டே எழுதியவர். பொற்காசைப் பறிகொடுத்த பினோக்கியோ நீதிமன்றம் போனால், கொரில்லா நீதிபதி பொறுமையாகக் கேட்டு, அனுதாபப்பட்டு, பறிகொடுத்தவனையே சிறையில் போடுகிறார். நான்கு மாதம் கழித்து, பேரரசரின் வெற்றியைக் கொண்டாட எல்லாக் குற்றவாளிகளுக்கும் விடுதலை. நீதான் குற்றவாளி இல்லையே, உனக்கு எப்படி விடுதலை என்று சிறைக்காவலர் மறிக்கிறார். நானும் திருடன்தான் என்றதும் தொப்பியைக் கழற்றி மரியாதையோடு அனுப்பிவைக்கிறார். மொக்கு இந்தச் சிரிப்பை விட்டுக் கண்ணீரின் பக்கம் அதிகமாகச் சாய்ந்துவிட்டது. விமர்சிப்பவர்கள் நீளத்தை விட்டுவிட்டு இதைக் கேட்கட்டும்.