கிரிப்டோ மோசடி: முன்னாடி இடைவெளி, பின்னாடி வேகம் (இழை)

1/ தீபாவளி போனஸ் கையில இருக்கு. டெலிகிராம்ல ஒரு லிங்க் வருது: "யூஎஸ்டிடி வாங்கிப் போடுங்க, தினமும் லாபம்." சிவகாசி, சாத்தூர் மக்களுக்கு நான் புதுசா எதுவும் சொல்லப்போறதில்லை. பட்டாசு ஆலையில தெரிஞ்சதை போன்லயும் செய்யுங்கன்னுதான் சொல்றேன்.

2/ மருந்துக் கலவை அறை தனி, பேக்கிங் தனி, நடுவுல இடைவெளி. ஒரு அறைக்கு இத்தனை ஆள், இவ்வளவு மருந்துன்னு கணக்கு. ஏன்? ஒண்ணு வெடிச்சாலும் மிச்சம் தப்பணும்.

3/ 2024 ஜூலை 18. வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்ச் வாலட்ல இருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போச்சு. எந்த வாடிக்கையாளரும் ஓடிபி சொல்லலை. ஆனாலும் அவங்க காயினும் முடங்குச்சு. அப்படி முடங்கின ஒருத்தர் வழக்குலதான் 2025 அக்டோபர்ல சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் சொத்துதான்னு தீர்ப்பு சொன்னார். நல்ல தீர்ப்பு. ஆனா திருடன் கைக்குப் போனதைத் தீர்ப்பு மட்டும் கொண்டுவராது.

4/ அதனால இடைவெளி விடுங்க. சேமிப்பு மொத்தத்தையும் ஒரே இடத்துல வைக்காதீங்க. கிரிப்டோவுக்குத் தனி மெயில், தனி பாஸ்வேர்டு. எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதிலா ஆதென்டிகேட்டர் ஆப். வாலட் தர்ற 12 அல்லது 24 வார்த்தைகளைப் பேப்பர்ல எழுதி வைங்க, போட்டோ எடுக்காதீங்க. அதைக் கேக்கிறவர் எவ்வளவு மரியாதையா பேசினாலும் திருடன்தான்.

5/ அப்புறமும் பணம் போயிட்டா? தீக்காயம் பட்டதும் ஓடுற தண்ணியில 20 நிமிஷம் காட்டணும். நம்ம ஆளுங்க பேஸ்ட், இங்க் தடவிட்டு வருவாங்க.

6/ இங்கே தண்ணின்னா 1930. உடனே கூப்பிடுங்க. பேங்க்ல இருந்து போன ரூபாய் இன்னொரு பேங்க் கணக்குல நிக்கிறவரைக்கும் முடக்க வழி இருக்கு. காயினா மாறி வேற வாலட்டுக்குப் போயிட்டா, ரத்து பண்ண அங்கே எந்த மேனேஜரும் இல்லை.

7/ "போன காயினை மீட்டுத் தர்றேன், முதல்ல ஃபீஸ் கட்டுங்க"ன்னு ஒருத்தன் வருவான். அதுதான் பேஸ்ட். அவன் ரெண்டாவது திருடன்.

8/ கடைசியா, வீட்டுல இருக்கிறவங்களுக்கு. "பேராசை"ன்னு திட்டுறதை நாளைக்கு வெச்சுக்குங்க. திட்டுக்குப் பயந்து ஒரு ராத்திரி மறைச்சா, அந்த ராத்திரி முழுக்க திருடனுக்குத்தான் லாபம். முதல்ல 1930, அப்புறம் மாவட்ட சைபர் கிரைம் போலீஸ். மத்த பேச்செல்லாம் பிறகு.