முகாம் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்

காலாண்டு விடுமுறையில் பல மேல்நிலைப் பள்ளிகள் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடத்துகின்றன. பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஏழு நாள் தங்கித் தெரு சுத்தம் செய்வது, மரக்கன்று நடுவது, கோயில் குளக்கரையைச் சீர் செய்வது போன்ற வேலைகள். அதற்குப் பெற்றோர் சம்மதம் கேட்டுப் படிவம் வருகிறது. அதைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறவர்கள் நம்மவர்களில் பலர் உண்டு. காரணமும் தெரிந்ததே. ஆயுத பூஜை சமயம். பொரி, கடலை, வெல்லம் என்று கூட்டம் நெரியும். கல்லாவில் உட்கார வீட்டுப் பிள்ளை வேண்டும். "ஊர்த் தெருவைப் பெருக்கப் போகிறவன் நம் கடை வாசலைப் பெருக்கட்டுமே" என்று நாம் பேசிக்கொள்வதும் வழக்கம்தான்.

கடையே பெரிய பள்ளிக்கூடம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. எடை, விலை, சரக்கின் தரம், ஆள் பார்த்துக் கடன் கொடுப்பது எல்லாம் அங்கேதான் வருகிறது. ஆனால் ஒன்று மட்டும் அங்கே வராது. நம் பையன் "மூட்டையை அந்தப் பக்கம் அடுக்குங்கள்" என்றால் சுமை தூக்குகிறவர் அடுக்குகிறார். அது பையனின் பேச்சுக்குக் கிடைத்த மரியாதையல்ல, சனிக்கிழமைச் சம்பளத்துக்குக் கிடைத்த மரியாதை. முகாமில் சம்பளம் வாங்குகிறவர் யாருமில்லை. உடன் படிக்கும் பையனிடம் மண்வெட்டியைக் கொடுத்து வேலை வாங்க வேண்டுமானால், முதலில் தானே ஒரு மணி நேரம் வெட்டிக் காட்ட வேண்டும். கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டவனைச் சமாதானப்படுத்த வேண்டும். "முதலாளி மகன்" என்ற பட்டம் அங்கே காலணாவுக்குக் கூடச் செல்லாது. நாளைக்கு ஆள் நிற்காத காலத்தில் கடை நடத்தப் போகிற பிள்ளைக்கு இந்தப் பழக்கம் எவ்வளவு அவசியம் என்பதை, கடைக்கு ஆள் தேடி அலைகிற நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முகாமின் சமையல் பொறுப்பை மாணவர்களிடமே விடும் பள்ளிகளும் உண்டு. டிபனுக்கும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்றால், 50 பேருக்கு ஏழு நாளைக்கு 140 கிலோ. கொடுத்த பணத்துக்குள் அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி எல்லாம் அடங்க வேண்டும். அதைக் கணக்கெழுதி ஆசிரியரிடம் காட்டவும் வேண்டும். பொதுப் பணத்துக்குக் கணக்குக் கொடுப்பது சொந்தக் கல்லாக் கணக்கைவிடக் கடினம். பதினாறு வயதில் அதைப் பழகட்டுமே!

இத்திட்டம் 1969-இல், காந்தியடிகள் நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு தொடங்கப்பட்டது. பள்ளிகளுக்குப் பிறகுதான் வந்தது. கல்லூரியில் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்பது விதி. எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. பானர் கட்டி, துடைப்பத்தோடு படம் எடுத்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு கலைகிற முகாமும் இருக்கிறது. அப்படிப்பட்டதற்குப் பிள்ளையை அனுப்புவதைவிடக் கடையில் வைத்துக்கொள்வதே மேல்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னைக்கும் கடலூருக்கும் வெளியூர்களிலிருந்து லாரி லாரியாகச் சரக்கு போயிற்று. சரக்கு கொடுப்பது நமக்குச் சுலபம். வந்ததை வகை பிரித்து, பொட்டலம் போட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் வீடு வீடாகக் கொண்டுபோக ஆள் வேண்டியிருந்தது. அதில் முன்னே நின்றவர்களில் மாணவர்களும் இளைஞர்களும் ஏராளம். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் முதியவர் என்று பார்த்துக் கொடுக்கிற நிதானம் ஏற்கெனவே பழகியவர்களுக்குத்தான் அந்த நேரத்தில் கைகொடுத்தது.

பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறவர்கள், தங்குமிடம் எப்படி, உடன் வரும் ஆசிரியை யார் என்று நேரில் போய் விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம். கேட்காமலே மறுப்பது சரியல்ல.

முகாமைத் திருவிழா வியாபாரத்துக்கு ஒரு வாரம் முன்பின்னாக வைக்க முடியுமா என்று தலைமை ஆசிரியர்களைக் கேட்பதில் தவறில்லை. முகாம் மளிகையைக் கொள்முதல் விலைக்கே கொடுக்கவும் சங்கம் முன்வரலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் இந்த இரண்டையும் பேச்சுக்கு எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.